சதுரங்கத்தில் பேர்லின் தற்காப்பு ஆடிச் சமன் எடுப்பது கோழைத்தனமா?

நீங்கள் கேட்ட விதத்திலேயே தெரிகிறது, சமன் எடுத்துவிட்டு வந்து யாரிடமோ நல்ல ஏச்சு வாங்கியிருக்கிறீர்கள். நானும் வாங்கினவன்தான்.

கிளிநொச்சியில் பாடசாலைப் பிள்ளைகளுக்கான போட்டி, கடைசிச் சுற்று, எனக்குக் கறுப்பு. எதிரே யாழ்ப்பாணத்துப் பெடியன், ரேட்டிங் உள்ளவன். அவன் ருய் லோபஸ் என்ற தொடக்கத்தை ஆடி பிஷப்பை பி5 கட்டத்தில் வைத்தான், நான் குதிரையை எஃப்6 இல் வைத்தேன், அதுதான் பேர்லின். எட்டாவது நகர்வோடு ராணிகள் இரண்டும் போய்விட்டன, என் ராஜா காஸ்லிங் பண்ணி ஓரமாய் ஒதுங்க வழியில்லாமல் நடுவில் நிற்கிறது. அதைப் பார்த்து அவன் சிரித்தான். (கெட்டவன் என்று சொல்லவில்லை, அந்த வயதில் நானும் சிரித்திருப்பேன்.) ஆனால் ராணி இல்லாத பலகையில் அந்த ராஜாவை யார் வந்து என்ன செய்வது?

பயம் வேறு இடத்தில் இருந்தது. ராஜா பக்கம் அவனுக்கு நாலு சிப்பாய், எனக்கு மூன்று. மற்றப் பக்கம் என் சிப்பாய்கள் சி வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால் அங்கே எனக்கு ஒன்று கூடுதலாக இருந்தும் பிரயோசனமில்லை. காயெல்லாம் வெட்டுப்பட்டுச் சிப்பாய் மட்டும் மிஞ்சினால் நான் தோற்றேன். அதனால் கறுப்புக் கட்டப் பிஷப்பைக் கொடுத்து அவனுடைய கடைசிக் குதிரையை வாங்கினேன். இப்போது அவனிடம் கறுப்புக் கட்டப் பிஷப், என்னிடம் வெள்ளைக் கட்டப் பிஷப், என் கட்டங்களை அவன் பிஷப் தொடவே முடியாது. அதை எஃப்5 இல் ஊன்றி, ராஜாவை இ6 இல் குந்தவைத்தேன். அவன் ராஜா அங்குமிங்கும் நடந்து நடந்து, கடைசியில் அவனே சமனுக்குக் கையை நீட்டினான்.

வெளியே வந்தால் எங்கள் ஆசிரியர், சேர், கேட்கிறார், "சமன் எடுக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீ?"

2000 இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் இந்தத் தற்காப்பை வைத்துத்தான் சாம்பியன் காஸ்பரோவை மறித்தார். 15 ஆட்டத்தில் காஸ்பரோவ் ஒன்றுகூட வெல்லவில்லை, 13 சமன், பட்டமும் போனது. 2013 இல் சென்னையில் உலகப் பட்டப் போட்டியின் நாலாவது ஆட்டம், கார்ல்சன் பேர்லின் ஆட, 64 நகர்வில் சமன். அதில் ஒரு சிப்பாய் குறைவாக நின்று தப்பியது வெள்ளை ஆடிய ஆனந்த். கிராம்னிக்கோடு தன்னை ஒப்பிடுகிறான் என்று யாரும் கிளம்பவேண்டாம், கோழை யார் என்றுதான் கேட்கிறேன்.

தூரம் என்று சேர் சொன்னது மட்டும் உண்மை. ஒட்டுசுட்டானுக்குத் திரும்ப மாங்குளத்தில் பஸ் மாறவேண்டும். அன்று சந்தியில் இரண்டு பஸ் நிற்காமலே போனது. சீசன் டிக்கெட்டில் போகும் பள்ளிக்கூடப் பெடியள் என்று கண்டால் வேகம் கூடும், இன்றைக்கும் அதே கதைதான். சேரும் எங்களோடுதான் இருட்டும்வரை நின்றார், பஸ்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.