மூளைப் புற்றுநோய் சிகிச்சையின்போது தியானம் செய்யலாமா?

அண்ணனுக்கு மூளைக் கட்டிக்காகக் கதிர்வீச்சு தொடங்கப்போகிறது, மைண்ட்ஃபுல்னஸ் தியானம் (இந்தக் கணத்தில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சி) உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். அது கட்டியைக் கரைக்காது; சிகிச்சையைத் தாங்க மனதுக்கு ஒரு பிடிமானம் தரும்.

அது அதிகம் கைகொடுப்பது முகமூடி போடும்போதுதான். தலை அசையாமலிருக்க, முகத்தோடு ஒட்டி அச்செடுத்த பிளாஸ்டிக் வலை முகமூடியை மேசையோடு பூட்டிவிடுவார்கள். கிளியோபிளாஸ்டோமா என்ற தீவிர மூளைப் புற்றுநோய்க்கு வழக்கமாக இந்தக் கதிர்வீச்சு வாரம் 5 நாள், 6 வாரம், மொத்தம் 30 முறை. பலருக்கு மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அப்போது பயத்தை விரட்டப் பார்க்க வேண்டாம். முதுகு மேசையில் படும் இடம், விரல்களின் சூடு, இயந்திரத்தின் ஓசை என்று கவனத்தை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லுங்கள். சில நாள் முன்னதாகவே வீட்டில் படுத்துப் பழகுவது நல்லது.

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி 8 வாரம், தினமும் முக்கால் மணி நேரம். களைப்பும் மறதியும் உள்ளவருக்கு அவ்வளவு வேண்டாம், 3 நிமிடம் போதும். நீங்களே பக்கத்தில் அமர்ந்து மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள். கவனம் சிதறினால் அவரைக் குறை சொல்லாதீர்கள், பாவம், நோயும் மருந்தும் அப்படிச் செய்யும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: வேகமாக மூச்சிழுத்து விடும் பயிற்சி கூடாது. அது வலிப்பைத் தூண்டலாம். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தாசோன் மருந்து கொடுத்தால் தூக்கம் கெட்டு எரிச்சல் வரக்கூடும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றிப் பார்ப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.