தண்டுவட மின்தூண்டல்: சோதனை வாரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 54. இடுப்பு டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலது காலில் எரிச்சலும் வலியும் தீரவில்லை. முதுகிலும் வலி உண்டு. தண்டுவடத்தில் மின்தூண்டல் கருவி பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். பொருத்திக்கொள்ளலாமா?

பதில்: முதலில், புதிதாக எம்.ஆர்.ஐ எடுத்து, நரம்பை அழுத்தும் வேறு கோளாறு இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். அப்படிக் கோளாறு எதுவும் இல்லையென்றாலும், நேரடியாக நிரந்தரக் கருவிக்குப் போவதில்லை. ஏறத்தாழ ஒரு வாரச் சோதனை உண்டு. மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே, தண்டுவட உறைக்கு வெளியே கீழ் மார்பு முள்ளெலும்புகளின் உயரத்தில் மெல்லிய மின்கம்பிகளைச் செலுத்தி, மறுமுனையை, வலியைக் குறைக்க மின்துடிப்புகளை அனுப்பும், இடுப்பில் கட்டிய சிறு பெட்டியோடு இணைப்பார்கள். வலி பாதியாகவாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம்.

2007இல் வெளியான, 100 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறாம் மாதத்தில் கருவி பொருத்தியவர்களில் 48 சதவீதத்தினருக்குக் கால்வலி பாதியாகவாவது குறைந்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் இது 9 சதவீதமே. ஆனால் யாருக்குக் கருவி என்பது அதில் எல்லோருக்கும் தெரியும். கருவி இயங்குகிறதா இல்லையா என்பதை நோயாளிக்குத் தெரிவிக்காமல் நார்வேயில் 50 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவகைத் தூண்டலால் அன்றாட இயக்கத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. அவர்களும் உங்களைப் போல அறுவை சிகிச்சைக்குப் பின் கால்வலியோடு இருந்தவர்கள்தாம்.

ஆகவே சோதனை வாரத்தில் பத்துக்கு எத்தனை வலி என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். புதுக் கருவி என்ற நம்பிக்கையே சில நாள் வலியைக் குறைத்துக் காட்டக்கூடும். அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, எத்தனை மாத்திரை தேவைப்படுகிறது என்பதையெல்லாம் சோதனைக்கு முந்தைய வாரத்திலிருந்தே குறித்துவாருங்கள். காலுக்குக் கிடைக்கும் நிவாரணம் முதுகுக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த நாட்களில் குனிவது, உடலைத் திருகுவது, எடை தூக்குவது கூடாது. கம்பி நகர்ந்துவிட்டால் சோதனையே வீண். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராயின் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நிரந்தரக் கருவியின் பேட்டரி பிட்டத்திலோ விலாவிலோ தோலுக்கடியில் இருக்கும். கிருமித்தொற்றும் கம்பி இடம்பெயர்வதும் மறு அறுவை சிகிச்சைக்குக் காரணமாகலாம். எம்.ஆர்.ஐ எடுக்க அனுமதி மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால் அந்த விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிசியோதெரபியில் டயாதெர்மி வெப்பச் சிகிச்சை இனி ஒருபோதும் கூடாது.

கம்பி வைத்த பிறகு காலில் பலவீனமோ, சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடின்மையோ தெரிந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.