சாட்சி சொல்ல என்னிடம் எதுவும் இல்லையே?

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். உறுதிப்பூசுதல் என்ற அருளடையாளத்தைப் பெற ஆயத்தமாக எங்கள் பங்குக் கோயிலில் நடந்த தியானத்தில், கடவுளின் அன்பை உணர்ந்த அனுபவத்தைச் சொல்லும்படி ஒவ்வொருவரிடமும் மைக்கைக் கொடுத்தார்கள். தோழிகள் அழுதுகொண்டே பேசினார்கள். என் முறை வந்தபோது எனக்கு எதுவும் தோன்றாததால், நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நற்கருணை ஆராதனையில்கூட எனக்குக் கண்ணீர் வருவதில்லை. சில நேரம் தூக்கம்தான் வருகிறது. எனக்கு நம்பிக்கையே இல்லையா? அடுத்த மாதம் மறுபடியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்பு மகளே, தோன்றாத ஒன்றைத் தோன்றியதாகச் சொல்லாமல் உட்கார்ந்தாய், நீ செய்தது சரி. அழுத உன் தோழிகளும் பொய் சொல்லவில்லை. கண்ணீர் சிலருக்குக் கொடையாக வருகிறது, வந்தால் நன்றி சொல்லலாம். ஆனால் அதை நம்பிக்கையின் அளவுகோலாக ஆக்கத் திருச்சபை ஒருபோதும் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2005ஆம் எண்ணில் இதைத்தான் பேசுகிறது: இறையருள் நம் அனுபவத்துக்கு எட்டாதது, நம்பிக்கையால் மட்டுமே அறியப்படுவது; ஆகவே நம் உணர்வுகளையோ செயல்களையோ வைத்து நாம் மீட்புப் பெற்றுவிட்டோம் என்று முடிவுகட்ட இயலாது.

அந்தப் பகுதி எடுத்துக்காட்டும் சொற்கள் ஏறக்குறைய உன் வயதையொத்த ஒரு பெண்ணுடையவை என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும். 1431இல் பிரான்சின் ரூவான் நகரில், சமயக் குற்றம் சாட்டி விசாரிக்கப்பட்ட, சுமார் பத்தொன்பது வயதான ஜோன் ஆஃப் ஆர்க்கிடம், நீ கடவுளின் அருளில் இருப்பதாக அறிவாயா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல் என்று வைக்கப்பட்ட கண்ணி அது. அவள், “நான் அருளில் இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் அதிலேயே என்னைக் காப்பாராக” என்றாள். வானதூதரின் குரலைக் கேட்டதாகச் சொன்ன அவளே, அந்தக் குரல்களைக் காட்டி உரிமை கொண்டாடாமல், எல்லாவற்றையும் கடவுளிடமே விட்டுவிட்டாள்.

தூக்கத்தைப் பற்றியும் கவலைப்படாதே. பதினைந்து வயதில் கார்மேல் துறவு மடத்தில் சேர்ந்த பிரான்சு நாட்டுப் புனிதையான குழந்தை தெரேசம்மாள், செப நேரத்தில் தான் தூங்கிவிடுவதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். குழந்தைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு ஒரேபோல் பிரியமானவர்கள் என்று அவர் ஆறுதல் கொண்டார். 1896 உயிர்ப்புக் காலம் தொடங்கி மறுஆண்டு இறக்கும்வரை, விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற இருள் அவரை வாட்டியது. அந்த இருளுக்குள் இருந்துகொண்டே செபத்தையும் மடத்து வேலைகளையும் விடாமல் செய்தார். அவரைத்தான் 1997இல் திருச்சபை தன் மறைவல்லுநராக, அதாவது நம்பிக்கையைக் கற்பிக்கும் சிறந்த ஆசிரியராக அறிவித்தது.

இனி, அடுத்த மாதம் என்ன பேசலாம்? பெரிய நிகழ்ச்சியைத் தேடாதே. நடந்த ஒன்றை, நடந்த அளவிலேயே சொல். எங்கள் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் சொன்னது இன்றும் என் மனத்தில் நிற்கிறது. அவன் பாட்டி இறந்த பிறகு வீட்டில் இரவுச் செபமாலையை முன்னின்று சொல்ல ஆளில்லை. பாட்டியின் நைந்துபோன செபப்புத்தகத்தை எடுத்து இவன் தொடங்கினான். தினமும் காதில் விழுந்த, மாதாவை நோக்கிய கிருபைதயாபத்து மந்திரம்தான், ஆனாலும் வாசிக்கும்போது பாதியில் தடுமாறினான். அடுப்படியிலிருந்து அவன் அப்பா அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார். பல ஆண்டுகளாகச் செபத்துக்கு உட்காராத அப்பா! “எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஆனால் அன்றிலிருந்து அப்பாவும் உட்காருகிறார்” என்று சொல்லி முடித்தான். அதைவிட நல்ல சாட்சியை நான் அதிகம் கேட்டதில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட இத்தாலியச் சிறுவன் கார்லோ அகுதிஸின் வாழ்விலும் இப்படித்தான். நாள்தோறும் திருப்பலிக்குப் போனார், கணினியில் நற்கருணை அற்புதங்களைத் தொகுத்தார், பதினைந்து வயதில் புற்றுநோயால் இறந்தார்; அவரைப் பார்த்தே அவருடைய தாய் நம்பிக்கைக்குத் திரும்பினார். உன் ஐயத்தையும் நீ சொல்லலாம். திருப்பாடல் 88 இருளிலேயே முடிகிறது, அதையும் நாம் செபமாகத்தான் சொல்கிறோம்.

கேள்வி: இளையோர் சொல்லும் சாட்சிகளைக் கைபேசியில் பதிவுசெய்து பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். பலருக்குப் பயனாகும் என்கிறார்கள். சரியா?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: சரியில்லை, அம்மா. தந்தையின் குடிப்பழக்கத்தையோ வீட்டுக் கடனையோ ஒரு பிள்ளை கண்ணீரோடு சொல்வது அங்கே இருக்கும் இருபது பேரை நம்பித்தான், ஊரை நம்பி அல்ல. உணர்ச்சிப் பெருக்கில் அந்த நேரத்தில் பிள்ளை சம்மதித்தாலும், மறுநாள் வருந்தும்போது அந்தப் பதிவைத் திரும்பப் பெற வழியில்லை. பதிவு வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் நேரில் சொல்லுங்கள். அதே சமயம், இங்கே பேசுவது எதுவும் வெளியே போகாது என்று வழிகாட்டிகள் முழு வாக்குறுதி கொடுப்பதும் கூடாது. பாவசங்கீர்த்தனத்தின், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதன் இரகசியம் குருவைக் கட்டுப்படுத்துவது. பகிர்வுக் குழு பாவசங்கீர்த்தனம் அல்ல. தனக்குப் பாலியல் தீங்கு நடப்பதாக ஒரு பிள்ளை சொன்னால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கேட்டவர்களின் கடமை; 1098 என்ற சிறுவர் உதவி எண்ணையும் உடனே அழைக்கலாம். இதைப் பகிர்வு தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.