மதிப்பெண் வருகிறது, பேச்சு வரவில்லையே?

கேள்வி: பள்ளியில் மூன்று வருடமாகப் பிரெஞ்சு படிக்கிறேன். எப்போதும் 90-க்கு மேல்தான் மதிப்பெண். ஆனால் பள்ளிக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் சாதாரணமாகப் பேர் கேட்டு நலம் விசாரித்தபோது எனக்கு வாயே எழவில்லை. எனக்கு மொழி வராதா? (பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: நிச்சயம் வரும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார், தப்பு உன் மேல் இல்லை என்று தெரியும். வகுப்பு 40 நிமிடம், மாணவர்கள் 30 பேர் என்று வை. ஆசிரியர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மொத்த நேரத்தையும் உங்களுக்கே பிரித்துக் கொடுத்தாலும் ஆளுக்கு 80 விநாடிதான். நிஜத்தில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. வாரத்துக்கு மூன்று வகுப்பு, வருடத்துக்கு 40 வாரம் என்றால், இந்த மூன்று வருடத்தில் நீ வாய்விட்டுப் பிரெஞ்சு பேசியது மொத்தம் நாலு மணி நேரம். நாலு மணி நேரப் பழக்கத்தில் யாருக்குத்தான் பேச்சு வரும்?

நீ இத்தனை நாளும் பழகியது வேறு வேலை. கோடிட்ட இடத்தை நிரப்புவது, வினைச்சொல்லை அட்டவணைப்படி மாற்றி எழுதுவது, இதெல்லாம் உனக்கு நன்றாக வந்துவிட்டது, அதற்குத்தான் மதிப்பெண். அது வீண் இல்லை, பின்னால் உதவும். ஆனால் எதிரில் ஒருவர் பதிலுக்காகக் காத்திருக்க, யோசிக்க நேரமில்லாமல் சொல்லைத் தேடி எடுப்பது தனிப் பழக்கம், பேசிப் பேசித்தான் வரும். பிரெஞ்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்ற மூன்றிலும் வினைச்சொல்லை எழுதுவது மூன்று விதம், காதில் விழுவதோ ஒரே ஒலி. கண்ணால் மட்டும் படித்தவர்களுக்குத் தெரிந்த வார்த்தையே காதில் விழும்போது அந்நியமாகத் தெரிவது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? பாடப்புத்தகத்தோடு வரும் ஒலிப்பதிவை எடு. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம். ஒரு சின்ன உரையாடலைப் புத்தகம் பார்க்காமல் கேள், அப்புறம் பார்த்துக்கொண்டே கேள், பிறகு பேசுகிறவரின் பின்னாலேயே அதே வேகத்தில் சொல்லிப் பார். தினமும் பத்து நிமிடம் போதும். இன்னொன்று, ஆசிரியரிடம் போய் இரண்டிரண்டு பேராகப் பேசும் பயிற்சி வேண்டும் என்று கேள், வெட்கப்படாதே. 15 ஜோடிகள் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசினால் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது, வகுப்பு சத்தமாக இருக்கும், இருக்கட்டும். பேசும்போது பிழை வந்தால் நிறுத்தித் திருத்தாதே, வாக்கியத்தை முடித்துவிடு. முடிந்தால் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித்திறன் தேர்வின் பள்ளி மாணவர்களுக்கான பிரிவுக்குத் தயார் செய். அதில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நாலுக்கும் தலா 25 மதிப்பெண், எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் பேச்சில் 5-க்குக் கீழே போனால் தேர்ச்சி கிடையாது. பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உனக்கு நல்லது செய்யும்.

கேள்வி: மகனுக்குப் பள்ளியில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம் மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். எது எளிது, எதில் வேலை கிடைக்கும்?

பதில்: வேலையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவன் வேலை தேடும்போது நிலவரம் எப்படி இருக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. எளிது எது என்பதும் நமக்கு ஏற்கெனவே என்ன மொழி தெரியும் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கச் சுமார் 30 வாரம், ஜப்பானியத்துக்கு 88 வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஜப்பானிய வாக்கியமும் நம் வாக்கியம் போல வினையில் முடிகிறது, வேற்றுமை உருபு போன்றவை பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன, அதனால் வாக்கியம் அமைப்பது சீக்கிரம் பிடிபடும். கஷ்டம் எழுத்தில்: ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளும் போக, காஞ்சி எனப்படும் சீன எழுத்துகளில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு பட்டியலிட்டவையே 2136. ஜெர்மனில் நாலு வேற்றுமைதான், எட்டு பார்த்த நமக்கு அது பயமில்லை. ஆனால் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் இல்லை என்பதை ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்து மனப்பாடம் செய்தாக வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பள்ளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த மொழி கடைசி வகுப்புவரை தொடருமா, ஆசிரியர் மாறிக்கொண்டே இருப்பாரா? இரண்டு வருடத்தில் நின்றுபோகும் மொழியை எடுப்பதைவிட, கொஞ்சம் கஷ்டமானாலும் ஐந்து வருடம் நல்ல ஆசிரியரோடு ஓடுவதை எடுப்பது மேல். அப்புறம் பையனையும் கேளுங்கள். படிக்கப் போகிறவன் அவன்.

கேள்வி: 13 வயதில் தொடங்கினால் தாமதம் இல்லையா? சின்ன வயதில்தானே மொழி ஒட்டும்?

பதில்: அந்த மொழி பேசும் ஊரிலேயே வளர்கிற குழந்தைக்கு அது உண்மை. வாரத்துக்கு மூன்று வகுப்பில் அப்படி நடப்பதில்லை. பார்சிலோனாவில் வெவ்வேறு வயதில் ஆங்கிலம் தொடங்கிய பள்ளி மாணவர்களைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். ஒரே அளவு மணி நேரம் படித்தபின் ஒப்பிட்டால், தாமதமாகத் தொடங்கியவர்களே முன்னால் இருந்தார்கள். இலக்கண விதியைச் சொன்னால் புரிந்துகொள்ளும் வயது அது. தாராளமாகத் தொடங்கலாம்.

கேள்வி: வார்த்தைகளை இரவில் படித்தால் இரண்டு நாளில் மறந்துவிடுகிறது. மனப்பாடம் பண்ண வழி சொல்லுங்கள்.

பதில்: மறப்பது எல்லோருக்கும் உள்ளதுதான், ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவைத்தார். ஒரே இரவில் 40 சொல் படிக்காதே. பத்து எடு, மறுநாள் பார், மூன்று நாள் கழித்துப் பார், ஒரு வாரம் கழித்துப் பார். பார்ப்பது என்றால் வாசிப்பது இல்லை, அர்த்தத்தை மட்டும் பார்த்து அந்நியச் சொல்லை நினைவிலிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். தடுமாறுகிற சொற்களை மட்டும் தனியாக எடுத்து மறுநாள் படிக்கும் சொற்களோடு சேர்த்துக்கொள்.