ராக் இசை அதிகம் தெரியாதவர் பார்க்க ஒரு கச்சேரி ஆவணப்படம் சொல்ல முடியுமா?

யோசிக்காமல் சொல்வேன்: ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த 'ஷைன் எ லைட்' (2008). ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கச்சேரி. 1962-ல் லண்டனில் தொடங்கிய குழு. 2006-ல் படம் பிடித்தபோது பாடகர் மிக் ஜாகருக்கு வயது 63.

குழுவின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள இந்தப் படம் உதவாது. யார் எப்போது சேர்ந்தார், யாருக்கும் யாருக்கும் சண்டை என்றெல்லாம் உட்கார வைத்துக் கதை சொல்லமாட்டார்கள். பழைய பேட்டித் துணுக்குகள் நடுநடுவே வரும், அவ்வளவுதான். அதில் ஒன்று அருமை. அறுபது வயதிலும் இதையே செய்துகொண்டிருப்பீர்களா என்று இளம் ஜாகரிடம் கேட்கிறார்கள். ஓ, தாராளமாக என்கிறார் மனிதர், கொஞ்சமும் தயங்காமல்.

அதே 2006-ல் ரியோ டி ஜெனிரோ கடற்கரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன் இலவசமாக வாசித்தது இந்தக் குழு. ஸ்கார்செஸி அந்தப் பிரம்மாண்டத்தைத் தேடிப் போகவில்லை. சுமார் 2,800 பேர் மட்டுமே கொள்ளும் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் இரண்டு இரவுகள் எடுத்தார். ராபர்ட் ரிச்சர்ட்சன் தலைமையில் ஜான் டோல், இமானுவல் லுபெஸ்கி என்று பெரிய பெரிய ஒளிப்பதிவாளர்கள் ஆளுக்கொரு காமிராவோடு நின்றார்கள். அதன் பலன் முகங்களில் தெரிகிறது. ஒரு வேகமான பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் சார்லி வாட்ஸ் காமிராவைப் பார்த்து, கன்னத்தை உப்பி 'உஃப்' என்று மூச்சு விடுகிறார். அப்போது வயது 65. இந்த வேலை உடம்பை எவ்வளவு வாங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல பேட்டி வேண்டாம்.

தொடக்கத்தில் ஒரு கூத்து இருக்கிறது. முதல் பாட்டு எது என்று தெரிந்தால்தானே காமிராவைத் திருப்ப முடியும்? பாட்டு வரிசை கையில் வராமல் ஸ்கார்செஸி தவிப்பார். கடைசி நிமிடத்தில்தான் வரும். பாதி நடிப்பு என்பது என் சந்தேகம். ஆனாலும் சிரிப்பு வருகிறது.

எனக்குப் பிடித்த இடம் பட்டி கை (Buddy Guy) என்ற கிட்டார் கலைஞர் வரும் பாட்டு. ராக் இசைக்கே வேரான, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் சிகாகோ பாணி மேதை, அப்போது வயது 70. மட்டி வாட்டர்ஸ் என்ற முன்னோடி ப்ளூஸ் பாடகரின் பாட்டு ஒன்றிலிருந்துதான் ரோலிங் ஸ்டோன்ஸுக்கே பெயர் வந்தது. அந்த வாட்டர்ஸோடு வாசித்தவர் இவர். அவர் பாடுவதற்கு முன் காமிரா அந்த முகத்தை விட்டு நகராமல் நிற்கும். முடிந்ததும் ரோலிங் ஸ்டோன்ஸின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் தன் கிட்டாரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். ராக் இசை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முன்னாள் அமெரிக்க அதிபர் கிளிண்டன் குடும்பத்தோடு குழுவினர் கைகுலுக்கும் பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம், நஷ்டமில்லை. ஒலியில் மட்டும் சமரசம் வேண்டாம். நல்ல ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ அவசியம், ஏனென்றால் யாருடைய முகம் திரையில் வருகிறதோ அவருடைய வாத்தியம் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

பிடித்துப் போனால் அப்புறம் 'கிம்மி ஷெல்டர்' (1970) பாருங்கள். இதே குழு, 1969 டிசம்பரில் ஆல்டமாண்ட் கச்சேரி; மேடைக்கு முன்னாலேயே கொலை நடந்தது, அது காமிராவிலும் பதிவானது. படத்தை எடுத்தவர்களில் ஒருவரான ஆல்பர்ட் மேசில்ஸ், 'ஷைன் எ லைட்'டிலும் காமிராவோடு இருக்கிறார். ஆனால் அதை முதலில் பார்க்காதீர்கள், இந்தக் குழுவின் பக்கமே வரமாட்டீர்கள்.