பானுமதி திமிர் பிடித்தவரா?

"பழைய நடிகை பானுமதி திமிர் பிடித்தவர், அதனால்தான் எம்.ஜி.ஆர் படத்திலிருந்து தூக்கினார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ யூடியூப் வீடியோ பார்த்த சூட்டில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆனால் அந்தத் 'திமிர்' என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் கொஞ்சம் சுடும்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். 1958-ல் வந்த 'நாடோடி மன்னன்' எம்.ஜி.ஆர் இயக்கிய முதல் படம். எடுத்த காட்சியையே திரும்பத் திரும்ப எடுத்ததில் மனத்தாங்கல் வந்து பானுமதிதான் விலகிக்கொண்டார். அவருடைய பாத்திரத்தைப் பாதியில் சாகடித்து, பின்பாதிக்கு சரோஜாதேவியைக் கொண்டுவந்தார்கள். அதே எம்.ஜி.ஆர் முதலமைச்சராக இருந்தபோது சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு இவரை முதல்வராக்கினார். (எம்.ஜி.ஆர் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம். எங்கள் வீட்டிலும் இரட்டை இலைதான்.)

இனி எங்கள் கதை. ஊர் குடியாத்தம். அப்போது வட ஆற்காடு மாவட்டம். அம்மா பீடி சுற்றுவாள். இலையில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, காலையில் தகடு வைத்து வெட்டுவாள். மடியில் முறம், முறத்தில் தூள். ராத்திரி நானும் அக்காவும் உட்கார்ந்து முனை மடக்குவோம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பையன் என் விரலை மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளிப்பான்.

இலையும் தூளும் கொடுக்கிற ஏஜென்டிடம் பீடியை ஒப்படைக்கும்போது, அவர் கையை விட்டு அளைந்து, ஆயிரத்துக்கு ஐம்பது அறுபது சரியில்லை என்று கழிப்பார். கழித்ததற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்ப வராது. அது எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். ஒருநாள் அம்மா கேட்டுவிட்டாள். "கழிச்ச பீடிய என் கண்ணு முன்னாடி கிள்ளிப் போடு. இல்லன்னா திருப்பிக் குடு."

வரிசையில் நின்ற பெண்கள் கப்சிப். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னாமா, நீ இன்னா பெரிய பானுமதியா?" என்றார். அடுத்த வாரம் அம்மாவுக்கு இலை இல்லை. இரண்டு மாசம் இல்லை. அப்புறம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வேறொருவரிடம் போனாள். தெருவில் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் 'பானுமதி வூட்டுப் பையன்' ஆனேன். வசவு என்றுதான் அப்போது நினைத்தேன்.

யார் அந்த பானுமதி என்று பின்னாடி தேடிப் பார்த்தால்! 1953-லேயே 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழியிலும் தானே இயக்கியிருக்கிறார். கணவரோடு சேர்ந்து மகன் பெயரில் பரணி ஸ்டுடியோ. தெலுங்கில் 'அத்தகாரி கதலு' எழுதிப் பரிசு வாங்கிய எழுத்தாளர் வேறு. தன் பாட்டைத் தானே பாடினார். 'அலிபாபா'வில் வரும் 'அழகான பொண்ணுதான்' அவர் குரல்தான். உதட்டை மட்டும் அசைக்கிறவர் முகமா அது? இத்தனையும் தெரிந்தவர் ஒரு காட்சியை ஏன் மறுபடி எடுக்கிறீர்கள் என்று கேட்டால் திமிர். ஆண் கேட்டிருந்தால் தொழில் தெரிந்தவர் என்றிருப்பார்கள். அவர் தமிழில் தெலுங்கு வாடை என்றும் சிலர் குறை சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், தெருவுக்கு நாலு வீட்டில் தெலுங்குதான்.

சினிமாக்காரரையும் பீடிக்காரியையும் ஒன்றாக்குகிறாயே என்று யாராவது வருவீர்கள். ஒன்றாக்கவில்லை. அந்த ஏஜென்ட்தான் ஒன்றாக்கினார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பீடிக்கென்று கொடுக்கிற இலையில் ஆயிரம் வராது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்கித்தான் கணக்கை நேர்செய்ய வேண்டும். கூலி எவ்வளவு என்று கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

நேரம் இருந்தால் 1962-ல் வந்த 'அன்னை' பாருங்கள். அதில் 'பூவாகிக் காயாகி' அவரே பாடியது. ரேடியோவில் அது வந்தால், முடிகிறவரை அம்மாவின் கை முறத்துக்குப் போகாது. முனை மடக்க ஒன்றும் இல்லாமல் நானும் அக்காவும் சும்மா உட்கார்ந்திருப்போம்.