மியான்மர் சைபர் மோசடி முகாமில் சிக்கித் திரும்பி வந்த தம்பிக்கு வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கடன் கணக்கைப் பாருங்கள், ஆறுதல் எல்லாம் அப்புறம்.

என் சித்தி மகனும் டேட்டா என்ட்ரி வேலை என்று பாங்காக் போய், அங்கிருந்து காரில் தாய்லாந்து எல்லை ஊரான மே சோட், ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைக் கடந்து மியான்மர் பக்கம் மியாவதி என்று மாட்டியவன்தான். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 பேரைக் கூட்டி வந்தார்களே, அதற்கு முன்பே வந்துவிட்டான். வந்த சில நாளிலேயே வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். ஏஜெண்டுக்குக் கொடுக்க நகையை அடகு வைத்தது போதாமல் சித்தி வெளியிலும் வட்டிக்கு வாங்கியிருந்தார். இந்த நெருக்கடிதான் பையன்களை மறுபடி கம்போடியா, லாவோஸ் என்று கிளப்பிவிடுகிறது. யாரிடம் எவ்வளவு, என்ன வட்டி என்று எழுதுங்கள். அநியாய வட்டி என்றால் 2003ஆம் வருட கந்துவட்டித் தடைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம்.

போலீஸுக்குப் போக அவன் பயப்படுவான், அங்கே அவனையே ஆட்களை ஏமாற்ற வைத்திருப்பார்கள் இல்லையா. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143வது பிரிவின்படி, ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது கணக்கிலேயே வராது. ஆனாலும் தனியாக அனுப்பாதீர்கள். 15100க்கு போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் கிடைப்பார். கடத்தப்பட்டவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். டிக்கெட், பணம் அனுப்பிய ரசீது, ஏஜெண்டின் வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்க வேண்டாம். ஏஜெண்ட் பெரும்பாலும் தெரிந்த ஆளாகத்தான் இருப்பான், "பணத்தைத் திருப்பித் தரச் சொல்றோம், கேஸ் வேண்டாம்" என்று சொந்தக்காரர்களே வந்து நிற்பார்கள். பதிவில்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே 1983ஆம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம், அதை மட்டும் சொல்லி அனுப்புங்கள். அயலகத் தமிழர் நலத் துறையிலும் ஒரு மனு கொடுத்து வையுங்கள்.

வீட்டில் "அடிச்சாங்களா, ஷாக் வச்சாங்களா" என்று வருகிறவர்களெல்லாம் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மெசேஜ் வரும் சத்தம் கேட்டாலே அவன் நிமிர்ந்து உட்காருவான், கடைசியில் எல்லார் போனையும் சைலன்ட்டில் போட்டோம். ராத்திரி ஷிப்ட் பழக்கத்தில் பகல் முழுக்கத் தூங்குவான், அதற்கு சோம்பேறி என்று பேர் வேறு. தூக்கம் திரும்பவே இல்லை என்றால் அரசு மனநல உதவி போன் டெலி மானஸ் 14416, இல்லாவிட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநல மருத்துவர்.

பயத்தில் அவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள், முகாமிலும் அதைத்தான் செய்தார்கள். மறுபடி வெளிநாடு போகிறேன் என்றால் ஏஜெண்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள். விசிட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.